திருவிழாவுக்கு வள்ளி திருமணமா, ஆடல் பாடலா?

கேள்வி, 9 மார்ச் 2024

எங்க ஊர் அம்மன் திருவிழா வைகாசியில வருது. மூணாம் நாள் ராத்திரி வள்ளி திருமணம் மாதிரி நாடகம், அது தாத்தா காலத்து வழக்கம். இந்த வருஷம் பசங்க ஆடல் பாடல்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. முதல்ல வர்ற பபூன் - டான்ஸ் (கோமாளிப் பேச்சும் ஆட்டமும்) முடிஞ்சதும் பாதிக் கூட்டம் கலைஞ்சிடுது. நாரதர் மேடையேறும்போது பாய் விரிச்சுத் தூங்குறவங்கதான் மிச்சம். ஆபாசம்னு கெட்ட பேரும் நாடகத்துக்குத்தான். ஆட்டத்துக்காகத்தான் வர்றாங்கன்னா ஆட்டத்தையே வச்சுட்டுப் போயிடலாமே? புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆளுங்க சொல்லுங்க.

பதில், 9 மார்ச், ராத்திரி

நாடகத்தை நிறுத்தாதீங்க. ஒரு வருஷம் நிறுத்தினா மறு வருஷம் கேக்க ஆள் இருக்காது. எங்களுக்கு அடுத்த ஊர்ல அப்படித்தான் போச்சு. அந்த ஊர்ப் பெரியவங்க இப்ப அரிச்சந்திரா பாக்கணும்னா எங்க ஊருக்கு ஆட்டோ பிடிச்சு வர்றாங்க.

கூட்டம் கலையுதுன்னா எத்தனை மணிக்குக் கலையுது? அதைச் சொல்லுங்க முதல்ல.

10 மார்ச்

பத்தரைக்கு ஆரம்பிச்சு, பபூன் - டான்ஸ் ஒன்றரை வரைக்கும் இழுத்து, அதுக்கப்புறம்தான் நாரதர்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா கலையத்தானே செய்யும்? காலையில அஞ்சு மணிக்குப் பால் கறக்கப் போற ஆளு ஒன்றரைக்கு மேல எப்படி உக்காருவார்? கமிட்டிப் பசங்க "இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு"ன்னு டான்ஸை இழுக்க வச்சிருப்பாங்க. இழுத்தது ஊரு, பழி நாடகத்துக்கு.

இந்த நாடகம் எப்படி நடக்குதுன்னு உங்க பசங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுப் பாருங்க. தெரிஞ்சா மரியாதை தானா வரும். இது ஒரே குழுவா இருந்து ஆடுற கம்பெனி நாடகம் இல்ல. கதாநாயகன் வேஷம் கட்டுற ராஜபார்ட் ஒரு ஊர்லேருந்து வருவார், கதாநாயகியா வர்ற ஸ்த்ரீபார்ட் வேற ஊர்லேருந்து. நாரதர் மதுரையிலேருந்து, பபூன் திண்டுக்கல்லேருந்து, ஆர்மோனியம் புதுக்கோட்டையிலேருந்து. தனித்தனியாத்தான் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறோம். ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. சில சமயம் வள்ளியும் முருகனும் ஒருத்தரை ஒருத்தர் முதன்முதலாப் பாக்கிறதே நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல, மேக்கப் போடும்போதுதான். அப்புறம் மேடையேறி, பாட்டும் பேச்சுமா மணிக்கணக்கா தர்க்கம் பண்றாங்க. அவர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்த இடத்துல மடக்குவார்னு அந்த அம்மாவுக்குத் தெரியாது. எடுத்த பாட்டுக்கு எதிர்ப்பாட்டு அங்கேயே வரணும். ரெண்டு பேரையும் சேத்துக் கட்டுறது, ஆர்மோனியம் வாசிச்சுக் கூடப் பாடுற பின்பாட்டுக்காரர்தான். ஆர்மோனியத்துல கையும், கண்ணு மேடையிலயுமா விடிய விடிய உக்காந்திருப்பார்.

பசங்க போன்ல பாக்கிற ராப் போட்டிக்கு இதுல எந்த வகையில குறைச்சல்?

10 மார்ச், இன்னும் கொஞ்சம்

மேலே எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. பாட்டும் வசனமும் மொத்தமா அந்தந்த நேரத்துல முளைக்கிறது இல்ல. அடித்தளம் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்தது. 1867ல பிறந்து 1922ல பாண்டிச்சேரியில காலமானவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, இப்படி இன்னைக்கும் நோட்டீஸ்ல அடிக்கிற நாடகத்துல பெரும்பாலானது அவர் வழி வந்ததுதான். 1918ல மதுரையில பையன்களை வச்சு அவர் நடத்தின சபையிலதான் பின்னால பெரிய நாடகக்காரங்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைங்களாச் சேந்தாங்க. அந்தப் பாட்டுகளை மனப்பாடம் வச்சிருக்கிறவங்கதான் மேடையில அதை வெட்டி, ஒட்டி, தன் சொந்தச் சரக்கைச் சேத்து ஆடுறாங்க. ஆலமரத்தடியில விழுது ஊன்றின மாதிரி ஒவ்வொரு நடிகரும் தனக்குன்னு ஒண்ணு வச்சிருப்பார்.

12 மார்ச்

"டான்ஸை மட்டும் எடுத்துட்டு சுத்தமான நாடகமாப் போடலாமே"ன்னு கீழே ஒருத்தர் எழுதியிருக்கார். எனக்கு அதுலயும் சம்மதம் இல்ல. நல்ல மனசோடதான் சொல்றார். ஆனா மேடையில யார் பிழைப்பை எடுக்கச் சொல்றோம்னு யோசிக்கணும்.

பபூன் தனியா வந்து ஊர்க்கதை, அரசியல், தன் கல்யாணக் கதை எல்லாம் பேசி, கடைவீதியில நிக்கிற ஆளை மேடைப் பக்கம் இழுத்துட்டு வருவார். அப்புறம் திரைக்குப் பின்னாலேருந்து சலங்கைச் சத்தம். டான்ஸ் அம்மா வருவாங்க. ஆட்டம் பாதி, பேச்சு பாதி. அந்தப் பேச்சை யாரும் காதுல வாங்குறது இல்லங்கிறதுதான் என் வருத்தம். ஒரு பபூன் எங்க ஊர் மேடையில, "பத்து மணிக்கு மேல மைக் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்காம்ல, எம் பொண்டாட்டிக்கு அதை யாராச்சும் படிச்சுக் காட்டுங்கப்பா"ன்னார். டான்ஸ் அம்மா யோசிக்கவே இல்ல. "பத்து மணிக்குள்ள வீடு வந்து சேர்ற புருஷனுக்கு எவய்யா மைக் போட்டா?"ன்னாங்க. பெண்கள் உக்காந்திருந்த பக்கம் எழுந்த சிரிப்பு அடங்க நேரமாச்சு. அந்தப் பக்கத்துல எத்தனை பேரு தன் வீட்டு வாசல்ல சொல்ல முடியாததை அந்த அம்மா சொல்லிட்டுப் போனாங்க! அதை எடுத்துட்டா மிச்சம் சுத்தமா இருக்கும், ஆனா உயிர் குறைஞ்சுடும்.

ஆபாசம் இல்லவே இல்லைன்னு நான் சொல்ல வரல. இருக்கு. சில ராத்திரி ரெட்டை அர்த்தம் அளவுக்கு மீறிப் போகுது. ஆனா அதைக் கேட்டு வாங்குறது மேடைக்கு முன்னாடி விசில் அடிக்கிற கூட்டம். மேடையேறி ரூபாய் நோட்டைச் சட்டையில குத்த வர்றான். அந்தப் பொண்ணு ஒரு அடி பின்னால போனா கோவிச்சுக்கிறான். காலையில அதே ஆளு டீக்கடையில உக்காந்து "நாடகக்காரிங்க"ன்னு ஆரம்பிக்கிறான். எனக்குப் பொறுக்காது.

எங்க ஊர்ல இதுக்கு ஒரு வழி செஞ்சோம். அன்பளிப்பு எதுவா இருந்தாலும் கமிட்டி மேசையில கொடுக்கணும். மைக்ல பேர் வாசிப்போம், பணம் பின்பாட்டுக்காரர் கைக்குப் போகும். மேடையில கலைஞர்களைத் தவிர யாரும் ஏறக் கூடாது. முதல் வருஷம் சண்டை வந்துச்சு. இப்ப சின்னப் பசங்களே அடுத்தவனைத் தடுக்கிறாங்க.

13 மார்ச்

ஆடல் பாடலுக்கு நான் எதிரின்னு நினைச்சு ரெண்டு பேர் காரமா எழுதியிருக்கீங்க. அப்படி இல்ல. அதுல ஆடுறதும் பிழைக்க வந்த பிள்ளைங்கதான். கரகாட்டத்துல ஆடினவங்க பல பேர் அங்க போயிருக்காங்க. 2023ல குறவன் குறத்தி ஆட்டத்துக்கு அரசு தடை போட்டுச்சு. ஒரு சமுதாயத்தைக் கேவலப்படுத்துற ஆட்டம் போகட்டும், அதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது. அதை ஆடிப் பிழைச்சவங்க அடுத்து எங்க போவாங்கன்னும் யாராவது கேட்டிருக்கணும்.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்றேன். ஆடல் பாடல்ல பாட்டு பெட்டியிலேருந்து வருது. நீங்க போட்டாலும் நான் போட்டாலும் அதே பாட்டு. நாடகம் உங்க ஊருக்கு ஒரு ராத்திரி, எங்க ஊருக்கு வேற ராத்திரி. அதே வள்ளி, அதே முருகன், ஆனா வேற தர்க்கம்.

17 மார்ச்

நேத்து நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிச்சாச்சு. ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்துடுச்சு. காலையிலேருந்து நாடகக்காரங்ககிட்டேருந்து போன் மேல போன் வருது: "அண்ணே, உங்க ஊர்ல தேதி நிக்குதா?"

இதோட கனம் வெளியில இருக்கிறவங்களுக்குப் புரியாது. தையில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும்தான் இவங்களுக்குத் தேதி, அதாவது மேடை கிடைக்கிற நாள். அதுலயும் பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசம்தான் தேதி அடை மழையாக் கொட்டும். மார்கழியில ஒண்ணும் இருக்காது. மூணு மாசம் போனா வருஷமே போச்சு. 2020ல ஊரடங்கு வந்தது மார்ச் 25, சரியா சீசன் சூடு பிடிக்கிற நேரம். அந்த வருஷம் மேக்கப் பெட்டியைத் திறக்காமலே ஆடி முடிஞ்சவங்க எத்தனை பேரு! எங்களுக்கு வழக்கமாத் தாளவாத்தியம் வாசிக்கிற ஆல்ரவுண்ட்காரர் கட்டட வேலைக்குப் போனார். ஒருத்தர் காய்கறி வண்டி தள்ளினார். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கு, ஆனா அதுல உறுப்பினர் அட்டை எடுக்காதவங்கதான் நான் பாத்ததுல அதிகம். இதைப் படிக்கிற கலைஞர் வீட்டுப் பிள்ளைங்க யாராவது இருந்தா அப்பா அம்மாவுக்கு அட்டையைப் போட்டுக் கொடுங்க.

18 மார்ச்

"பத்து மணிச் சட்டம் எப்ப வந்துச்சு"ன்னு கேட்டவருக்கு: 2000ல வந்த ஒலி மாசு விதிகள். ராத்திரி பத்துலேருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு வருஷத்துல 15 நாளுக்கு மேல போகாம, நள்ளிரவு பன்னிரண்டு வரைக்கும் மாநில அரசு தளர்த்திக்கலாம். கிராமத்துல பெரும்பாலும் கண்டுக்காம விட்டுடுவாங்க. விடிய விடிய நாடகம் இத்தனை வருஷம் ஓடினது அப்படித்தான். தேர்தல் நேரத்துல விட மாட்டாங்க.

சட்டத்தை நான் குறை சொல்லல. கைக்குழந்தை, நோயாளி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, எல்லாரும் ஊர்லதான் இருக்காங்க. கூம்பு ஒலிபெருக்கியை நாலு திசைக்கும் கட்டி அடுத்த ஊர் வரைக்கும் கேக்க வைக்கணும்னு என்ன முறை?

29 மார்ச்

எங்க ஊர் நாடகம் முடிஞ்சுது. நடந்ததை நடந்தபடி எழுதுறேன், உங்களுக்கு உதவும்.

காவல் நிலையத்துல கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, பத்துக்கு மேல மைக் கிடையாது. கமிட்டியில பாதிப் பேர் "நாடகம் வேணாம், பணத்தை வாண வேடிக்கையில போடுவோம்"னாங்க. பெண்கள் பக்கத்துலேருந்துதான் எதிர்ப்பு வந்துச்சு. வள்ளி திருமணம் போட்டாத்தான் ஊர்ல கல்யாணம் கூடி வரும்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை. சரின்னு ஆறரைக்கே ஆரம்பிக்கிறதுன்னு முடிவாச்சு. எனக்கு மனசே இல்ல. வெளிச்சம் போகாத நேரத்துல சீன் படுதா இழுத்தா என்ன எடுபடும்னு நினைச்சேன்.

எடுபட்டுச்சு. அந்த நேரத்துக்குப் பிள்ளைங்க தூங்கல. பபூனும் டான்ஸும் முக்கால் மணியில முடிச்சுட்டாங்க, அளவாவும் இருந்துச்சு. ஏழரைக்கெல்லாம் தினைப்புனத்துல வள்ளி பரண் மேல நின்னு கிளி விரட்டி ஆலோலம் பாடுறாங்க, முன்வரிசையில பள்ளிக்கூடப் பிள்ளைங்க வாயைப் பொளந்து பாக்குது. இத்தனை வருஷத்துல அந்தக் கட்டத்தை முழிச்சிருந்து பாத்த பிள்ளைங்களை நான் கண்டதில்ல.

நாரதர் தர்க்கம் சூடு பிடிச்சு ஒன்பதே முக்கால் தாண்டிடுச்சு. முருகன் வேடனா வரவே இல்ல இன்னும். பத்துக்கு ஜீப் வந்துச்சு, மைக்கை நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்தினோம். நான் மேடைப் பக்கம் போய் நிக்கிறேன், என்ன சொல்றதுன்னு தெரியல. ராஜபார்ட் என்னைப் பாத்து, "நிறுத்திடவா, பாடவா?"ன்னார். பின்பாட்டுக்காரர் பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கல. ஆர்மோனியத்தைத் தூக்கிட்டு மேடை விளிம்புக்கு வந்து உக்காந்துட்டார். கூட்டம் நகந்து நகந்து முன்னால வந்துச்சு.

அப்புறம் நடந்ததுதான் நாடகம். இந்தப் பக்கம் என் மான் வந்துச்சா, அதோட கண்ணு இப்படி இருக்கும், நடை இப்படி இருக்கும்னு வேடன் வள்ளியையே வர்ணிச்சுக் கேக்கிறான். அந்த அம்மா ஒவ்வொரு வர்ணனைக்கும் ஒரு எதிர்க்கேள்வி. அஞ்சு கட்டையில, அதாவது ரொம்ப உச்ச சுருதியில பாடுறாங்கன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. எதுக்கு அவ்வளவு மேல எடுக்கணும்னு நான் யோசிச்சதில்ல. மைக் இல்லாத காலத்துல கடைசி வரிசைக்குப் போய்ச் சேரணும்னு வந்த பழக்கம் அது. நேத்துதான் காதால கண்டேன். அந்தக் காலத்து மேடை ஜோடி எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் எப்படிப் பாடியிருப்பாங்கன்னு எங்க அப்பா சொன்னது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துல விளங்கிச்சு. யானை வந்து வள்ளியை மிரட்டுற இடத்துல பிள்ளைங்க போட்ட கூச்சல், மைக் வச்சாலும் அவ்வளவு வந்திருக்காது. பதினொண்ணே காலுக்கு மாலை மாத்தினாங்க.

பின்னால நின்னவங்க ஒரு நூறு பேராவது கேக்கலைன்னு எழுந்து போயிட்டாங்க. அதையும் சொல்லிடணும்.

30 மார்ச்

நேத்து எழுதினதைத் திருப்பிப் படிச்சேன். எனக்கு இருந்த சந்தோஷம்தான் அதுல தெரியுது. ஸ்த்ரீபார்ட் அம்மாவைப் பத்தி எழுதணும்.

விடியற்காலை வேன் ஏத்திவிடப் போனேன். தொண்டை கட்டிப்போச்சு. "அடுத்தது நாளை மறுநாள் காரைக்குடிப் பக்கம், வெந்நீர் குடிச்சா சரியாயிடும் தம்பி"ன்னாங்க. குரல் போனா அவங்களுக்குத் தேதி போச்சு. நாம மெய்மறந்து கேட்டதுக்கு அவங்க கொடுத்த விலை அது. மைக் இல்லாம நாடகம் போடுங்கன்னு யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். மேடையைச் சின்னதாக் கட்டி, கூட்டத்தை நெருக்கமா உக்கார வச்சு, கூம்பை அவிழ்த்துட்டு ரெண்டு பெட்டி ஒலிபெருக்கி வச்சு, ஆறரைக்கு ஆரம்பிச்சு, பத்துக்குள்ள முருகனைக் கொண்டுவந்து சேக்கணும். அதுக்குக் கலைஞர்கள்கிட்ட முன்னாடியே நேரத்தைச் சொல்லணும். நாங்க சொல்லல. விடிய விடியப் பாடுற கணக்குல நாரதர் ஆரம்பிச்சார், அவர் மேல தப்பு இல்ல.

2 ஏப்ரல்

விடிய விடிய நடக்கிறதுதான் மரபு, ஆறரை நாடகம் மரபை உடைக்கிறதுன்னு மதுரைக்காரர் ஒருத்தர் வருத்தப்பட்டிருக்கார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. அரிச்சந்திரா மயான காண்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு என்னால நினைச்சே பாக்க முடியல. ஊர் அடங்கி, தீப்பந்தம் எரிஞ்சு, சந்திரமதி பிள்ளையைத் தூக்கிட்டு வர்ற நேரம் மூணு மணியாத்தான் இருக்கணும். வள்ளி திருமணம் சீக்கிரம் போடலாம், அது கல்யாணக் கதை. அரிச்சந்திரா, நல்லதங்காள் எல்லாம் தேர்தல் இல்லாத வருஷத்துல, ஒலியைக் குறைச்சு வச்சுப் பாத்துக்கலாம்.

7 ஏப்ரல்

காயாத கானகத்தே சினிமாப் பாட்டு, அதை நாடகக்காரங்க எடுத்துக்கிட்டாங்கன்னு எழுதினவருக்கு: நேர் எதிர். கிட்டப்பா மேடையில பாடி, இசைத்தட்டாவும் கொடுத்துட்டுப் போனது. அவர் 1933 டிசம்பர்லயே போயிட்டார், 27 வயசுதான். ஸ்ரீவள்ளி படத்துல டி.ஆர். மகாலிங்கம் பாடினது 1945ல. படம் நாடகத்துக்கிட்ட வாங்கினது.

பொண்ணு ராஜபார்ட் கட்டலாமான்னு இன்னொரு கேள்வி. சுந்தராம்பாள் 1935ல பக்த நந்தனார் படத்துல நந்தனாராவே நடிச்சாங்க. தொண்ணூறு வருஷம் ஆகப்போகுது, இன்னும் இந்தக் கேள்வியா? தாராளமாக் கட்டலாம்.

21 ஏப்ரல்

ஓட்டு முடிஞ்சாலும் நடத்தை விதி எண்ணிக்கை முடியிற வரைக்கும் இருக்கும், உங்க வைகாசித் திருவிழா அதுக்குள்ளதான் வரும். ரெண்டாம் நாள் ஆடல் பாடல், மூணாம் நாள் நாடகம்னு உங்க கமிட்டி முடிவு பண்ணினது நல்ல முடிவு. பசங்களோட சண்டை போட்டு ஜெயிச்சா அவங்க நாடகத்தன்னைக்கு வர மாட்டாங்க.

கேட்டதால சொல்றேன். ஒரே அமைப்பாளர் கையில மொத்த செட்டையும் விட்டுடாதீங்க. பின்பாட்டுக்காரரை முதல்ல பேசுங்க. எந்த நாரதருக்கு எந்த வள்ளி ஈடு கொடுப்பாங்கன்னு அவருக்குத்தான் தெரியும். நாரதர் ரொம்ப மூத்தவரா, வள்ளி புதுசா இருந்தா தர்க்கம் ஒரு பக்கமாச் சாய்ஞ்சிடும். ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் சளைக்காம இருக்கணும். நோட்டீஸ்ல எல்லார் படமும் ஒரே அளவுல போடுங்க. டான்ஸ் அம்மா படத்தை மட்டும் பெருசாப் போட்டு, தர்க்கம் பேசுறவங்களைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிற அச்சகங்கள் இருக்கு. படிவத்தைப் பாத்துட்டு அச்சடிக்கச் சொல்லுங்க.

பெண் கலைஞர்களுக்கு உடை மாத்தத் தாழ்ப்பாள் போட்ட தனி அறையும் அதுக்குப் பக்கத்துலயே கழிப்பறையும் வேணும். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தா கமிட்டித் தலைவர் வீட்டைத் திறந்து விடுங்க. ஒரு ஊர்ல திரைக்குப் பின்னால சேலையைக் கட்டி மறைச்சு, அதுக்குள்ள மாத்தச் சொன்னதை நான் கண்ணால பாத்திருக்கேன். சாப்பாடு ஊர்ப் பந்தியில, எல்லாரோடயும். தனியாத் திண்ணையில இலை போடாதீங்க.

26 மே

உங்க ஊர் நாடகத்தைப் பத்தி எழுதினதைப் படிச்சேன். பசங்க கடைசி வரைக்கும் இருந்தாங்களா இல்லையான்னு அதுல இல்ல, வேடன் தர்க்கத்துல யார் மடக்கினாங்கன்னும் இல்ல. ரெண்டையும் எழுதுங்க. ஸ்த்ரீபார்ட்டாப் பாடினவங்க நோட்டீஸ் படத்தைப் போட்டிருந்தீங்க, நல்லாப் பாடுறாங்கன்னு எங்க பக்கத்துலயும் பேச்சு இருக்கு. அவங்க பங்குனித் தேதி இன்னும் எழுதாம இருந்தா எங்க ஊருக்குக் கேட்டுச் சொல்லுங்க. மைக் நிறுத்துற நேரத்தையும் சேத்தே இந்தத் தடவை பேசிடறேன்.